வாளியின் வாய் ஏன் வட்டமாக இருக்கிறது?

ஓவியம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஓவிய ஆசிரியை பதில் சொல்கிறார். இந்த இதழில் வந்த கேள்விகள் பெரும்பாலும் க்யூபிச ஓவியங்களில், அதாவது ஒன்றைப் பல பக்கங்களிலிருந்து பார்த்து ஒரே படத்தில் துண்டு துண்டாக வைக்கும் ஓவியங்களில், வரும் பெண்களைப் பற்றியவை.

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் ஐந்தாம் படிவத்தில் காட்சிக்கலைக் கல்வி எடுத்திருக்கிறாள். பிக்காசோ 1907-இல் வரைந்த 'அவிஞ்ஞோன் பெண்கள்' என்ற, ஐந்து பெண்கள் இருக்கும் ஓவியத்தின் படத்தைக் கொடுத்து, விளக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பாலுக்காக மரம் வெட்டிய என் அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் இந்தப் பொம்பளைங்க மூஞ்சி இப்படிக் கோணிக் கெடக்கு? யாராச்சும் அடிச்சுப் போட்டாங்களா?" என்று கேட்டார். மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் தெரியவில்லை. இந்தப் படத்துக்கு என்னதான் பொருள்?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் அம்மா கேட்டதை மகள் தன் நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளட்டும். இந்த ஓவியத்தைப் பற்றி இத்தனை காலமாகப் புத்தகம் எழுதுகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது அந்தக் கேள்வியிடம்தான்.

பொருளைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இடது ஓரத்தில் ஒரு பெண் திரையைக் கையால் விலக்குகிறாள். நடுவில் இரண்டு பேர் கையை உயர்த்தித் தலைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். முகம் நம்மை நேராகப் பார்க்கிறது, ஆனால் மூக்கை மட்டும் பக்கத்தில் நின்று வரைந்ததுபோல் வரைந்திருக்கிறார். வலது பக்கம் மேலே ஒருத்தி திரைக்கு நடுவிலிருந்து உள்ளே வருகிறாள், அவள் முகம் மரத்தில் செதுக்கிய முகமூடி. அவளுக்குக் கீழே ஒருத்தி குந்தி உட்கார்ந்திருக்கிறாள். படத்தின் அடியில் ஒரு மேசை முனை. அதில் முலாம்பழக் கீற்று, கொஞ்சம் திராட்சை.

குந்தி உட்கார்ந்திருப்பவளை மகள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அவள் முதுகு நம் பக்கம் இருக்கிறது. முகமும் நம் பக்கமே இருக்கிறது. எந்தக் கழுத்தும் அப்படித் திரும்பாது. ஓவியர் அவளுக்குப் பின்னால் ஒரு முறை நின்றிருக்கிறார், முன்னால் ஒரு முறை நின்றிருக்கிறார், இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துவிட்டார். உங்கள் அம்மா கோணல் என்று சொன்னது இதைத்தான்.

அவள் ஏன் திரும்பினாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த ஓவியத்துக்காக பிக்காசோ நூற்றுக்கணக்கான முன்வரைவுகள் போட்டார். ஆரம்ப வரைவுகளில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவன் மாலுமி. திரையை விலக்கிக்கொண்டு வந்தவன் மருத்துவ மாணவன். சில வரைவுகளில் அவன் கையில் மண்டையோடு இருக்கும், சிலவற்றில் புத்தகம். பெண்களின் கவனம் அப்போது படத்துக்குள்ளேயே, அந்த ஆண்களிடம் இருந்தது. வரைந்துகொண்டே போகும்போது ஆண்கள் இருவரையும் எடுத்துவிட்டார். மாணவன் நின்ற இடத்தில் இப்போது ஒரு பெண் நிற்கிறாள். அத்தனை பெண்களும் படத்துக்கு வெளியே, நாம் நிற்கிற இடத்தைப் பார்க்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மகள் மறுபடியும் படத்தைப் பார்க்கட்டும். கண்கள் வேறு மாதிரித் தெரியும்.

இன்னொன்றையும் மகளிடம் மறைக்க வேண்டாம். பதினேழு வயதுப் பெண்ணுக்குச் சொல்லலாம். இவர்கள் உடலை விற்றுப் பிழைத்த பெண்கள். ஓவியத்தின் பெயரில் வரும் 'அவிஞ்ஞோன்' பிரான்ஸில் உள்ள ஊரைக் குறிக்கவில்லை, பார்சிலோனாவில் அப்படிப்பட்ட வீடுகள் இருந்த அவின்யோ தெருவைக் குறிக்கிறது என்று சொல்வார்கள். அந்தப் பெயரையும் பிக்காசோ வைக்கவில்லை. 1916-இல் பாரிஸில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டியபோது, அவருடைய நண்பரான கவிஞர் ஆந்த்ரே சால்மோன் வைத்தார். அதுவரை ஒன்பது வருடம் ஓவியம் அவருடைய பட்டறையிலேயே கிடந்தது. பார்த்த நண்பர்களே முகம் சுளித்தார்கள். ஓவியர் மத்தீஸுக்குக் கோபம் வந்தது. 1924-இல் ஒரு சேகரிப்பாளர் வாங்கினார். 1939-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. எட்டடி உயரம், கிட்டத்தட்ட எட்டடி அகலம். மகள் கையில் இருப்பது ஒரு சாண் படம். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர்கள் அந்த முன்னறைச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவர் முழுக்க ஐந்து பெண்கள் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்?

சரி, அடித்துப் போட்டார்களா?

வரைந்தபோது பிக்காசோவுக்கு வயது 25. அந்த வீடுகளுக்குப் போய் வருகிற ஆண்களின் ஆசையும் இந்தப் படத்தில் இருக்கிறது, அங்கே தொற்றும் நோயைப் பற்றிய பயமும் இருக்கிறது. மண்டையோட்டோடு ஒரு மருத்துவ மாணவன் முதலில் ஏன் வந்தான் என்று யோசித்தால் புரியும். அந்தப் பயத்தை அவர் எங்கே வைத்தார்? பெண்களின் முகத்தில் வைத்தார். அதனால் உங்கள் அம்மாவின் கண்ணுக்கு அடிபட்ட முகமாகத் தெரிந்தது தப்பே இல்லை. ஓவியத்தை மதிக்கிற எத்தனையோ பெண்கள் இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. கூடவே இன்னொன்றும் சொல்வேன். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் வரைந்த பெண்கள் பலர் படுத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பார்க்கிறவனுக்கு வசதியாக இருந்தார்கள். இந்த ஐந்து பேரும் யாருக்கும் வசதியாக இல்லை. வலப்பக்கத்துப் பெண்கள் இருவரையும் பார்த்து யாரும் ஆசைப்பட முடியாது. அவர்கள்தான் நம்மை எடைபோடுகிறார்கள்.

முகமூடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 1907-இல் பிக்காசோ பாரிஸில் த்ரோக்கதேரோ அருங்காட்சியகத்துக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த முகமூடிகள் அங்கே அடுக்கியிருந்தன. பல பொருள்கள் காலனி நாடுகளிலிருந்து வந்தவை. செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் எழுதப்படாமலே வந்தவை. அதே 1907-இல்தான் இங்கே மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரக் கப்பல் செலவை அந்த நிதி ஏற்றுக்கொண்டது. அந்தக் கப்பல்களில் வந்த நம் பாட்டிமார் எத்தனை பேருடைய பெயர் சரியாகப் பதிவாகியிருக்கும்? என் ஆத்தாவின் பெயர் பழைய பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாளக் கார்டில் வேறு விதமாகவும் இருந்தது. கடைசி வரை இரண்டுமே அவர் பெயர் இல்லை. அதனால்தான் அந்த முகமூடிகளைப் பார்க்கும்போது, இதைச் செதுக்கியவர் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. மகள் இதையும் ஒரு பத்தி எழுதலாம், மதிப்பெண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

ஆசிரியர் "க்யூபிச ஓவியம்" என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அதற்கு ஒரு படி முந்தியது என்று எழுதுவது இன்னும் சரி. அந்தச் சொல் பிறகு வந்தது. 1908-இல் பிரெஞ்சு ஓவியர் ப்ராக் வரைந்த நிலக்காட்சிகளைப் பார்த்து, எல்லாவற்றையும் கனசதுரமாக்கிவிட்டார் என்று லூயி வோசெல் என்ற விமர்சகர் குறையாக எழுதினார். அந்தக் குறையே பெயராக ஒட்டிக்கொண்டது.

கேள்வி: இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைப்பது, மூக்கைத் திருப்பி வைப்பது எல்லாம் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை வரைகிற மாதிரித்தானே இருக்கிறது? ஒழுங்காக வரையத் தெரியாதவர்கள் செய்த வேலை என்று நினைக்கிறேன்.
— செம்மோர் வாசகர்

பதில்: பிக்காசோவுக்கு வரையத் தெரியும். பதினைந்து வயதில், 1897-இல், 'அறிவியலும் கருணையும்' என்று ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். கட்டிலில் நோயாளிப் பெண், பக்கத்தில் நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவர், மறுபக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கன்னியாஸ்திரி. மருத்துவராக உட்கார்ந்தது அவருடைய அப்பா. போர்வை மடிப்பு வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். பார்சிலோனாவில் பிக்காசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது போதும்.

நீங்கள் சொன்ன ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோட்டத்துப் பள்ளி ஒன்றில் இருந்தேன். "அம்மா" என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் தன் அம்மா காண்டா வாளி தூக்கி வருவதை வரைந்திருந்தான். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. பாதம் இரண்டும் பக்கவாட்டில், முகம் நேராக. வாளியின் அடி தரையில் உட்காருகிற மாதிரி நேர்கோடு. ஆனால் வாளியின் வாய் முழு வட்டம், மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி. வட்டத்துக்குள் முக்கால்வாசி வரை வெள்ளைக் கிரேயானால் ரப்பர் பால்.

நான் சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வட்டத்தின் மேல் ஒரு தட்டையான முட்டை வடிவம் போட்டேன். "நீ நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாளியின் வாய் இப்படித்தான் தெரியும்" என்றேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்புறம் பால் எவ்வளவு இருக்குன்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவன் வீட்டில் வாளிக்குள் எவ்வளவு பால் என்பதுதான் சம்பளம். மழை பெய்தால் பால் இல்லை. பால் ஸ்டோரில் கணக்கரான கிராணி எழுதுகிற எடையைப் பொறுத்துத்தான் அந்த மாதக் கடைக்கணக்கு. வாளியின் வாயை நான் சொன்னபடி வரைந்தால் வாளி சரியாக இருக்கும், அம்மாவின் அன்றைய வேலை மறைந்துபோகும். அவனுக்கு எது முக்கியமோ அது தெரிகிற இடத்தில் போய் நின்று அதை வரைந்திருக்கிறான். வாளி தரையில் நிற்பது முக்கியம், அதற்குப் பக்கத்தில் நின்றான். பால் முக்கியம், அதற்கு மேலேயிருந்து பார்த்தான்.

நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சிவப்புக் கோடு அந்தத் தாளில் இருந்தது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

பல வருடம் கழித்து, ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் மேற்கத்திய ஓவியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் பிரெஞ்சு ஓவியர் ழான் மெத்சாங்கே 1911-இல் வரைந்த 'தேநீர் நேரம்' இருந்தது. ஒரு பெண் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கையில் கரண்டியைப் பிடித்திருக்கிறாள். முகத்தில் ஒரு பாதி நேராக, மற்றப் பாதி பக்கவாட்டில். அதெல்லாம் பிறகுதான் என் கண்ணில் பட்டது. முதலில் பட்டது மேசையில் இருந்த கோப்பை. நடுவில் ஒரு கோடு இறங்குகிறது. கோட்டுக்கு ஒரு பக்கம் கோப்பையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், மறுபக்கம் மேலேயிருந்து பார்க்கிறோம். கடையில் நின்றபடியே அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். இந்தப் பெண்ணை க்யூபிசத்தின் மோனா லிசா என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். ஓவியம் இப்போது அமெரிக்காவில் பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிள்ளை வரைவதும் மெத்சாங்கே வரைவதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. பிள்ளைக்கு வேறு வழி தெரியாது. மெத்சாங்கேவுக்கு ஐந்நூறு வருடப் பழைய வழி நன்றாகத் தெரியும், தெரிந்துதான் விட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் தெரிகிற உலகத்தைத்தான் அந்தப் பழைய வழி வரைந்தது. நாம் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை. என் அம்மா மரம் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால், நெற்றியில் விளக்கு. இடது பக்கம் உயரமாகக் கத்தியை வைத்து, வலது பக்கம் சாய்வாக இழுத்துக்கொண்டே மரத்தைப் பாதி சுற்றி நடப்பார். பட்டை நூல் மாதிரி சுருண்டு விழும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். நின்ற இடத்தில் நின்று அந்தக் கோட்டைப் போடவே முடியாது. அந்த இருட்டில் நான் அம்மாவை முழுதாகப் பார்த்ததே இல்லை. விளக்கு விழுகிற இடத்தில் கத்தி, விரல், அப்புறம் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைக்கிற கை, குனியும்போது தாடை. இந்தத் துண்டுகளைச் சேர்த்தால்தான் எனக்கு அம்மா.

அதனால் எந்த க்யூபிச ஓவியத்தைப் பார்த்தாலும் "இது என்ன அர்த்தம்" என்று தொடங்காதீர்கள். மேலே ஒரு மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு துண்டையும் வரைய ஓவியர் எங்கே போய் நின்றிருப்பார் என்று சின்னதாக அம்புக்குறி போடுங்கள். இந்தத் துண்டுக்காக ஏன் இவ்வளவு தூரம் சுற்றி வந்தார் என்று அப்புறம் கேளுங்கள். முதல் கேள்வி கேட்ட தாயின் மகளுக்கும் இதையே சொல்கிறேன்.

கேள்வி: தாராசுரம் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையில் இருக்கும் சிற்பத்தைப் பார்த்தேன். நான்முகன் சிலையில் மூன்று முகம் தெரிகிறது. அப்படியானால் க்யூபிசத்தைக் கண்டுபிடித்தவர்கள் நம் முன்னோர்தானே?
— கோலகங்சார் வாசகர்

பதில்: இல்லை. ரிஷபகுஞ்சரத்தை நானும் பார்த்திருக்கிறேன், அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் முழுக் காளை, மறுபக்கத்தை மறைத்தால் முழு யானை. இரண்டும் குறையில்லாதவை, ஒரே தலையைப் பகிர்ந்துகொள்கின்றன. க்யூபிச ஓவியத்தில் எந்தப் பாதியை மறைத்தாலும் முழுதாக ஒன்றும் கிடைக்காது. வேலை வேறு, நோக்கமும் வேறு. நம் சிற்பி செய்ததை அவருக்காகவே கொண்டாடுவோம்.

கேள்வி: பிக்காசோவின் 'அழும் பெண்' ஓவியத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பச்சை, மஞ்சள் முகம், கண்ணாடித் துண்டு மாதிரி கைக்குட்டை. அழுகிறவளைப் பார்த்தால் இரக்கம் வர வேண்டாமா?
— தைப்பிங் வாசகி

பதில்: உங்கள் எரிச்சலை நம்புங்கள். அந்த ஓவியம் இரக்கத்தைக் கேட்கவில்லை.

1937 ஏப்ரல் 26-இல் ஸ்பெயினில் கெர்னிக்கா என்ற ஊரில் விமானங்கள் குண்டு போட்டன. அந்த அழிவை பிக்காசோ ஒரு பெரிய சுவர் அளவு ஓவியமாக வரைந்தார். அதில் இறந்த குழந்தையைக் கையில் ஏந்திக் கதறும் தாய் ஒருத்தி உண்டு. ஓவியம் முடிந்த பிறகும் அந்த அழுகை அவரை விடவில்லை. மாதக்கணக்கில் அழும் பெண்களை வரைந்துகொண்டே இருந்தார். நீங்கள் சொல்கிற ஓவியம் அதே வருடம் அக்டோபரில் வரைந்தது, லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. சின்னப் படம்தான், 60 செ.மீ. உயரம், 50 செ.மீ. அகலம் இருக்கும்.

தலையில் சிவப்புத் தொப்பி, அதில் ஒரு நீலப் பூ. எங்கேயோ கிளம்பத் தயாரானவள் மாதிரி இருக்கிறாள். அந்த அலங்காரம் அப்படியே இருக்க, முகத்தின் நடுப்பகுதியில் மட்டும் வண்ணம் முழுதாகப் போய்விட்டது. கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரை வெள்ளையும் நீலமும். அங்கே விரல் எது, கைக்குட்டை எது, பல் எது என்று பிரிக்க முடியாது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

என் அப்பா இறந்த அன்று லயத்து வாசலில் பந்தல். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மா மட்டும் பாடவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அந்த நேரத்தில் அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை, பல்லும் துணியும் விரலும்தான் தெரிந்தன. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. சாயங்காலம் அந்தச் சேலையை அலசப் போட்டபோது நுனியில் பல் பதிந்து நூல் விட்டிருந்தது. இந்த ஓவியத்தை முதலில் பார்த்த நாளில் அந்த முந்தானைதான் ஞாபகம் வந்தது. அதனால் எனக்கு இது பொய்யான அழுகையாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் டோரா மார். பிக்காசோவின் காதலி என்று எழுதிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். அவர் நல்ல புகைப்படக் கலைஞர். கெர்னிக்கா ஓவியம் கட்டம் கட்டமாக வளர்ந்ததைப் படம் எடுத்து வைத்தவர் அவர்தான். அந்தப் படங்கள் இல்லையென்றால் அந்த ஓவியம் எப்படி மாறி மாறி வந்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது. அழுகிற பெண்ணாக மட்டும் அவரை நினைவில் வைத்துக்கொள்வது அநியாயம்.

கேள்வி: பல க்யூபிசப் படங்கள் ஏன் காப்பித்தூளைக் கொட்டிய மாதிரி பழுப்பும் சாம்பலுமாகவே இருக்கின்றன?
— பீடோர் வாசகர்

பதில்: 1910, 1911 ஆண்டுகளில் பிக்காசோவும் ப்ராக்கும் வண்ணத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள். வடிவத்தைத் துண்டு துண்டாக ஆராயும்போது சிவப்பும் நீலமும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். 1910-இல் பிக்காசோ வரைந்த 'மாண்டலினுடன் பெண்' பாருங்கள், எல்லாமே வைக்கோல் நிறம். அந்தப் படத்துக்கு உட்கார்ந்த பெண்ணின் பெயர் ஃபான்னி தெலியே. பல நாள் உட்கார்ந்து அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் இனி வர மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். ஓவியம் முடியாமலே நின்றது, அப்படியேதான் இன்றும் நியூயார்க்கில் தொங்குகிறது. க்யூபிசப் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று. அந்தத் தோளும் வளைந்த கையும் இன்னும் முழுதாகக் கரையாமல் இருப்பது, அவர் அப்போதே எழுந்துபோனதால்தானோ என்று நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: வரைந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், வரையப்பட்டவர்கள் எல்லாரும் பெண்களா? நம் வட்டாரத்தில் இப்படி வரைந்தவர்கள் உண்டா?
— ஈப்போ வாசகி

பதில்: பெண்களும் வரைந்தார்கள். மரியா பிளான்ஷார் என்ற ஸ்பெயின் நாட்டுப் பெண் பிக்காசோ பிறந்த அதே 1881-இல் பிறந்தவர். முதுகெலும்பு வளைந்தே பிறந்ததால் சின்ன வயதிலிருந்து கேலிக்கு ஆளானவர். பாரிஸுக்குப் போய் க்யூபிசத்தில் தேர்ந்தார். விசிறி பிடித்த பெண்ணை அவர் வரைந்த விதத்தைத் தேடிப் பாருங்கள், மடிப்புகளின் கணக்கு அவ்வளவு துல்லியம். ரஷ்யாவில் லியுபோவ் பொப்போவா. மாரி லோரன்சேன் 1911-இல் பாரிஸில் க்யூபிச ஓவியர்களோடு ஒன்றாகக் காட்சிக்கு வைத்தவர், ஆனால் அவருடைய பாதை வேறு.

நம் பக்கத்தில் சியோங் சூ பியெங். சீனாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். 1952-இல் மூன்று ஓவிய நண்பர்களோடு பாலித் தீவுக்குப் போய் வந்தார். அங்கேயும் மலாயாவிலும் பார்த்த பெண்களை நீண்ட கழுத்தும் மெலிந்த கையுமாக வரைந்தார். க்யூபிசத்தைக் கற்று, அதை நம் வெயிலுக்கும் நம் கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகளுக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டவர். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் அவர் படங்களைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கோலாலம்பூரில் 1958-இல் தொடங்கிய நம் தேசியக் கலைக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலில் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். நான் போனபோது தமிழ்ப் பிள்ளைகளை அங்கே பார்க்கவில்லை என்பது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: இதையெல்லாம் படித்தால் புரிகிற மாதிரி இருக்கிறது, படத்தைப் பார்த்தால் மறுபடியும் குழம்புகிறது. கண்ணுக்குப் பழக்க ஏதாவது வழி இருக்கிறதா?
— இரண்டு பிள்ளைகளின் தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: இருக்கிறது. கையால் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய பால் மங்கு ஒன்று கிடக்கும். தோட்டம் விட்டு டவுனுக்கு வந்த எல்லார் வீட்டிலும் பூச்செடிக்கு அடியிலோ குளியலறையில் சவர்க்காரம் வைக்கவோ ஒன்று இருக்கும். அதைக் கழுவி மேசையில் வையுங்கள். ஒரே தாள், ஒரே பென்சில். மேசையின் ஒரு பக்கம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வரையுங்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போங்கள், அதே தாளில், முன்பு வரைந்ததன் மேலேயே வரையுங்கள். மூன்றாவது முறை எழுந்து நின்று மேலேயிருந்து. நான்காவது முறை பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கீழேயிருந்து பார்க்கட்டும். அங்கேயிருந்து மங்கின் உள்பக்கம் தெரியாது, அடியில் பட்ட பழுப்புக் கறை தெரியும்.

கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அழகாக வராது. எந்தக் கோட்டை விட மனம் வரவில்லையோ அதை மட்டும் அழுத்திப் போடுங்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கோட்டைக் காட்டுவார்கள், சண்டை வரும், வரட்டும்.

மங்கு பழகிய பிறகு பாட்டி இருந்தால் பாட்டியை உட்கார வையுங்கள். அவருக்கு முதுகு வலித்தால் எழுந்து போகட்டும். எழுந்து போவதையும் அதே தாளில் வரையுங்கள்.

ரப்பரை மட்டும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.